தெரியாத ஆங்கிலச் சொல்லிடம் முதலில் என்ன கேட்பது?

ராஜர் பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அளவில் மிகச் சிறியது. மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள 16 குழந்தைகள், சில படங்கள், சில புதுச்சொற்கள், அவ்வளவுதான். ஒரு படத்தில் தாழ்வான வட்டப் பாத்திரம் இருக்கும். வழிந்து விழும் அளவுக்கு அதில் சிவப்புத் துணுக்குகள் குவிந்திருக்கும். இரண்டு கைகள் அவற்றைப் பிசைந்துகொண்டிருக்கும். இதைக் காட்டிவிட்டு, குழந்தைகள் அதுவரை கேட்டிராத ‘சிப்’ போன்ற ஒரு சொல்லைச் சொல்வார்கள். ஆனால் அதை எப்போதும் ஒரே மாதிரி சொல்வதில்லை. ஒரு முறை ‘சிப்பிங்’ நடப்பதாகச் சொல்வார்கள். இன்னொரு முறை ‘எ சிப்’ இருப்பதாகவும், வேறொரு முறை ‘எனி சிப்’ தெரிகிறதா என்றும் பேச்சு வரும். பிறகு மூன்று தனிப் படங்களை வைத்து, சொன்னது எதில் இருக்கிறது என்று காட்டச் சொல்வார்கள். ஒன்றில் அதே கையசைவு, ஒன்றில் அதே பாத்திரம், ஒன்றில் அதே துணுக்குகள்.

‘இங்’ ஒட்டிய சொல்லைக் கேட்டபோது பெரும்பாலான குழந்தைகள் கையசைவைக் காட்டினார்கள். ‘எ’ என்று தொடங்கியபோது பாத்திரத்தையும், ‘எனி’ என்று தொடங்கியபோது துணுக்குகளையும் காட்டினார்கள். ஒவ்வொரு வகையிலும் 16-க்கு 10 முதல் 12 பேர்வரை இப்படித்தான் தேர்ந்தார்கள். எழுத்தே தெரியாத வயது அது. சொல்லுக்குப் பொருள் இன்னதென்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வாக்கியத்தில் அந்தச் சொல் என்ன வேலைக்கு வந்திருக்கிறது என்பது மட்டும் காதில் விழுந்தது. பொருளை எங்கே தேடுவது என்று தெரிந்துகொள்ள அதுவே போதுமானதாக இருந்தது.

வளர்ந்த பிறகு, அதுவும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும்போது, இந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிடுகிறோம். தெரியாத சொல் எதிர்ப்பட்டதும் ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்கிறோம். ‘இது இங்கே என்ன வேலை செய்கிறது?’ என்று கேட்பதில்லை. அந்த இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் வாதம். பொருளை ஊகிக்கத்தான் வேண்டும், ஊகம் தவறலாம். சொல்லின் வேலையையோ பெரும்பாலும் உறுதியாகவே சொல்லிவிட முடியும். வாக்கியமே அதைக் கையில் கொடுத்துவிடுகிறது.

சார்ல்ஸ் ஃப்ரைஸ் என்ற மொழியியலாளர் 1952-இல் வெளியிட்ட ‘தி ஸ்ட்ரக்சர் ஆஃப் இங்கிலிஷ்’ இந்த உறுதிக்கு ஆதாரம் தருகிறது. சுமார் 50 மணி நேரத் தொலைபேசி உரையாடல்களைப் பதிவுசெய்து, மக்கள் பேசிய ஆங்கிலத்திலிருந்தே இலக்கணத்தை எழுத முயன்றவர் அவர். பொருளைத் தாங்கும் சொற்களை நான்கு பெருவகையாக்கினார். ‘தி’, ‘ஆஃப்’, ‘வில்’, ‘வெரி’ போன்ற வேலைக்காரச் சொற்களைத் தனியே பிரித்தார். எண்ணிக்கையில் இவை ஏறத்தாழ 150-தான். ஆனால் பேச்சில் மூன்றில் ஒரு பங்கு இவைதாம். ஆங்கிலத்தில் பல்லாயிரம் சொற்கள் நமக்குத் தெரியாமல் இருக்கலாம். இந்த 150-ஐத் தெரியாதவர் ஆங்கிலப் பக்கத்தைத் திறக்கவே மாட்டார். ஆகவே எவ்வளவு புதிய சொல்லானாலும் அதன் அக்கம்பக்கத்தில் பழகிய முகங்கள் இரண்டு மூன்று நின்றுகொண்டுதான் இருக்கும். ‘தி’ அல்லது ‘ஹிஸ்’ முன்னால் வந்தால் பின்னால் எங்கோ ஒரு பெயர்ச்சொல் வந்தே ஆக வேண்டும். ‘வில்’, ‘மஸ்ட்’ வந்தால் வினை. ‘வெரி’ வந்தால் பெயரடையோ வினையடையோ.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் மொழியில் சொல்லின் வேலை அதன் வாலில் இருக்கிறது. ‘ஐ’ ஒட்டினால் செயப்படுபொருள், ‘க்கு’ ஒட்டினால் நான்காம் வேற்றுமை. வினையின் ஈற்றைப் பார்த்தால் செய்தவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதுகூடத் தெரிந்துவிடும். அதனால்தான் சொற்களை முன்பின்னாக மாற்றிப் போட்டாலும் தமிழ் வாக்கியம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. வேலையைத் தேடி நம் கண் தானாகவே சொல்லின் முடிவுக்குப் போகும். ஆங்கிலத்தில் அந்தச் செய்தி பெரும்பாலும் சொல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு சொல்லிலும், வாக்கியத்தில் சொல் உட்கார்ந்திருக்கும் இடத்திலும் இருக்கிறது.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் வாலுள்ள மொழியாகத்தான் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அன்பைக் குறித்த பெயர் ‘லுஃபு’. அன்புசெய்வதைக் குறித்த வினை ‘லுஃபியன்’. அழுத்தமில்லாத ஈற்றசைகள் பேச்சில் தேய்ந்தன. வடக்கிலிருந்து வந்து குடியேறிய நார்ஸ் மொழியினரோடு கலந்து பேச வேண்டியிருந்ததும், 1066-க்குப் பின் நார்மன் ஆட்சியில் எழுத்து மரபு உடைந்ததும் அந்தத் தேய்மானத்தை வேகப்படுத்தின. கடைசியில் இரண்டும் ‘லவ்’ என்ற ஒரே சொல்லாயின. ‘வாட்டர்’, ‘ஹேண்ட்’, ‘புக்’ எதை வேண்டுமானாலும் உருவம் மாறாமல் வினையாக்கலாம் என்ற இன்றைய சுதந்திரம் இப்படி வந்ததுதான்.

வால் முழுக்கப் போய்விடவில்லை. ‘நெஸ்’, ‘ஷன்’ என்று முடிந்தால் பெயர், ‘அஸ்’ என்று முடிந்தால் பெரும்பாலும் பெயரடை. ‘லி’ வந்தால் வினையடை என்று நம்பிவிடக் கூடாது. ‘ஃப்ரெண்ட்லி’, ‘காஸ்ட்லி’, ‘லோன்லி’ மூன்றும் பெயரடைகள்.

வேலையைத் தவறாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மொழியியலாளர்கள் அடிக்கடி காட்டும் ஒரு வாக்கியம் உண்டு: ‘தி ஓல்ட் மேன் தி போட்ஸ்’. இதில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. இருந்தும் பலர் இடறி விழுகிறார்கள். ‘ஓல்ட் மேன்’ என்றதும் கிழவர் ஒருவர் மனத்தில் வந்து நின்றுவிடுகிறார். அடுத்து வரும் ‘தி’-யில் வழி அடைபடுகிறது, வினையையே காணோம். திரும்பிப் போய் ‘ஓல்ட்’-ஐப் பெயராகவும் (முதியவர்கள்), ‘மேன்’-ஐ வினையாகவும் (ஆளாக நின்று இயக்குதல்) எடுத்தால்தான் முதியவர்கள் படகுகளை இயக்குகிறார்கள் என்று வாக்கியம் திறக்கும். எல்லாச் சொற்களுக்கும் பொருள் தெரிந்தும் வேலை ஒன்று பிசகினால் வாசிப்பு நின்றுவிடும்.

இனி ஒரு சொல்லை அருகில் வைத்துப் பார்க்கலாம். ‘வோன்ட்’ என்றொரு ஆங்கிலச் சொல். நமக்குத் தெரிந்த, மறுப்பைச் சொல்லும் ‘வோன்ட்’ அல்ல. எழுத்தில் இரண்டுக்கும் ஒரு மேற்குறிதான் வித்தியாசம். பிரிட்டிஷ் உச்சரிப்பில் அதுவும் இல்லை. ஒரு கதையில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘ஆஸ் வாஸ் ஹிஸ் வோன்ட், தி போஸ்ட்மாஸ்டர் வாக்ட் ஹோம் பை தி ரிவர்.’ போஸ்ட்மாஸ்டர் ஆற்றோரமாக நடந்து வீடு திரும்பினார் என்பது புரிகிறது. முன்னால் உள்ள நான்கு சொற்கள்தான் இடிக்கின்றன.

முதல் தடயம் ‘ஹிஸ்’. அதன் பின்னால் துணைவினை வர முடியாது. எனவே இது மறுப்புச் சொல்லும் அல்ல, அச்சுப்பிழையும் அல்ல. அது ஒரு பெயர்ச்சொல், அதுவும் அவருக்கு உடைமையான ஏதோ ஒன்று. அடுத்த தடயம் ‘ஆஸ் வாஸ்’. ஆற்றோரமாக நடந்து போவது எதுவோ, அதுவே அவருடைய ‘வோன்ட்’ என்று இந்த அமைப்பு சொல்கிறது. ஆகவே கைத்தடி, குடை, நாய் போன்ற பொருள்கள் எல்லாம் விலகிவிட்டன. வழக்கம், விருப்பம், கடமை, உரிமை ஆகிய நான்கும் இந்த இடத்தில் பொருந்தும். இலக்கணம் நம்மை இதுவரை கொண்டுவந்து விட்டது. நான்கில் எது என்று சொல்ல அதனால் முடியாது. அடுத்த வாக்கியத்துக்குப் போக வேண்டும். இருபது ஆண்டுகளில் ஒருநாள்கூட அவர் ஏழு மணிக்கு முன் வந்ததில்லை, அதனால் மனைவி வாசலைப் பார்க்கவில்லை என்று அங்கே இருந்தால் உரிமையும் கடமையும் பின்வாங்கும், விருப்பம் தளரும், வழக்கம் நிற்கும். அகராதியைத் திறந்தால் அதுதான் விடை.

அதே கதையில் நாலு பக்கம் தள்ளி ‘ஹி வாஸ் வோன்ட் டு சிங்’ என்று வந்தால்? ‘ஹிஸ்’ இல்லை. ‘வாஸ்’-க்கும் ‘டு’-வுக்கும் நடுவில் சொல் உட்கார்ந்திருக்கிறது. ‘ரெடி’, ‘ஏபிள்’, ‘லைக்லி’ உட்காரும் அதே இருக்கை. இப்போது அது பெயரடை. பாடும் பழக்கமுடையவர் என்று பொருள். பொருள் ஒன்றுதான், வேலைதான் இரண்டு.

வினைச்சொல்லில் இந்தத் தடயம் இன்னும் ஒரு படி ஆழமாகப் போகிறது. லெடிஷியா நைகிள்ஸ் 1990-இல் சராசரியாக 25 மாத வயதுடைய குழந்தைகளுக்கு ஒரு காட்சியைக் காட்டினார். ஒரு வாத்து முயலை அழுத்திக் குந்தவைக்கிறது. அதே நேரத்தில் வாத்தும் முயலும் தத்தம் கையைச் சுழற்றுகின்றன. கூடவே ‘கார்ப்’ என்ற கற்பனை வினை ஒலிக்கிறது. வாத்து முயலை ‘கார்ப்’ செய்கிறது என்று கேட்ட குழந்தைகள் பிறகு அழுத்தும் காட்சியை அதிகம் பார்த்தார்கள். வாத்தும் முயலும் ‘கார்ப்’ செய்கின்றன என்று கேட்டவர்கள் கை சுழற்றும் காட்சியை அதிகம் பார்த்தார்கள். செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றாவினை என்று நாம் எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்யும் வேறுபாடு, இரண்டு வயதில் பொருளறியும் கருவியாக வேலை செய்கிறது.

முற்றிலும் தெரியாத சொல்லைவிடத் தெரிந்ததாக நினைக்கும் சொல்தான் அதிகம் ஏமாற்றும். சட்ட ஆவணங்களில் ‘சேவ் ஆஸ் அதர்வைஸ் ப்ரொவைடட்’ என்று அடிக்கடி வரும். ‘சேவ்’ என்றதும் காப்பாற்றுவதும் சேமிப்பதும் நினைவுக்கு வந்துவிட்டால் அந்தப் பிரிவு முழுதும் குழம்பிவிடும். இங்கே காப்பாற்றுபவர் யாரும் இல்லை, காப்பாற்றப்படுவதும் எதுவும் இல்லை. வினை செய்யவேண்டிய வேலை எதையும் சொல் செய்யவில்லை. ‘தவிர’ என்ற பொருளில் வந்திருக்கும் ‘சேவ்’ இது: வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி. ‘ஃபார் வான்ட் ஆஃப் எவிடென்ஸ்’ என்பதும் அப்படித்தான். ‘ஃபார்’-க்கும் ‘ஆஃப்’-க்கும் நடுவே வந்த ‘வான்ட்’ பெயர்ச்சொல். அதற்கு இங்கே பொருள் இன்மை. சாட்சியம் வேண்டும் என்பதற்காக அல்ல, சாட்சியம் இல்லாததால் வழக்கு தள்ளுபடியாகிறது. வழக்கில் சம்பந்தப்பட்ட ஒருவர் இந்த ஒரு தொடரைத் தவறாகப் படித்தால் தீர்ப்பையே தவறாகப் படித்தவராவார்.

‘சாங்ஷன்’ இன்னொரு வகை. ‘லோன் சாங்ஷன் ஆயிடுச்சு’ என்று நாமே தினமும் சொல்கிறோம்; ஒப்புதல் கிடைத்தது என்று பொருள். அதே சொல் செய்தித்தாளில் ஒரு நாட்டின்மீது ‘சாங்ஷன்ஸ்’ விதிக்கப்பட்டதாக வரும்போது ஒப்புதல் தடையாகிவிடுகிறது. வங்கி, தொகை, மனு பக்கத்தில் இருந்தால் ஒன்று. நாடு, வர்த்தகம், விதித்தல் பக்கத்தில் இருந்தால் மற்றொன்று. பன்மை ஈறும் பின்னால் வரும் ‘ஆன்’, ‘அகெய்ன்ஸ்ட்’ என்ற முன்னிடைச்சொற்களும் கூடுதல் சாட்சிகள்.

பல பொருள் கொண்ட ஒரு சொல் ஓரிடத்தில் எந்தப் பொருளில் வந்தது என்பதை எதைக்கொண்டு தெளிவது என்ற கேள்வியைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் நேராகவே எடுத்துக்கொள்கிறார். வினை, இனம், சார்பு ஆகிய மூன்றைச் சொல்கிறார். உரையாசிரியர்கள் ‘மா’ என்ற சொல்லைக்கொண்டு இதை விளக்குவார்கள். மா பூத்தது என்றால் வினை அதை மரமாக்குகிறது. மாவும் மருதும் ஓங்கின என்றால் கூடவந்த இனம் அதை மரமாக்குகிறது. கவசம் பூண்டு நிற்கிறவன் மாவைக் கொண்டுவா என்றால் அவன் நிற்கும் நிலையே அதைக் குதிரையாக்குகிறது. ‘சாங்ஷன்’ விஷயத்தில் நாம் மேலே பார்த்ததும் இதுவேதான். உரியியலிலும், வெளிப்படையான சொற்களை விட்டு, பழகாத சொற்களைப் பழகியவற்றோடு சார்த்திப் பொருள் சொல்வதையே அவர் தம் வேலையாக வைத்துக்கொள்கிறார். தமிழ் இலக்கணம் படித்த மாணவரிடம் இந்தக் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆங்கில வகுப்புக்கு அவற்றை எடுத்துப்போகலாம் என்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, சூழல் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. ஐசபெல் பெக்கும் அவருடைய சகாக்களும் 1983-இல் எழுதிய ஒரு கட்டுரையில் சூழல்களையே தரம் பிரித்தார்கள். பொருளைக் காட்டிக்கொடுப்பவை உண்டு, அரைகுறையாகச் சொல்பவை உண்டு, ஒன்றுமே சொல்லாதவை உண்டு, தவறான திசையில் தள்ளுபவையும் உண்டு. சந்தைக்குப் பின்னால் ஓடும் கால்வாயை ஓர் எழுத்தாளர் ‘நாய்ஸம்’ என்று வர்ணித்தால் பெயரடை என்பது உறுதி. சந்தை என்றால் இரைச்சல். சொல்லிலும் ‘நாய்ஸ்’ தெரிகிறது. எனவே இரைச்சலான கால்வாய் என்று முடிவுகட்டிவிடுவோம். ‘நாய்ஸம்’ என்றால் துர்நாற்றமடிக்கிற, அருவருப்பான என்று பொருள். அது ‘அனாய்’ என்ற சொல்லின் வழியில் வந்தது, ‘நாய்ஸ்’-க்கு உறவே இல்லை. நம் சாலைகளில் பெட்ரோல் டேங்கர்களின் பின்புறம் எழுதியிருக்கும் ‘இன்ஃப்ளேமபிள்’ இதைவிட ஆபத்தானது. முன்னால் உள்ள ‘இன்’ எதிர்மறை என்று நினைப்பவருக்கு அந்த லாரி தீப்பற்றாத லாரி ஆகிவிடும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 1920-களில் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ‘ஃப்ளேமபிள்’ என்ற வடிவத்தைப் பரிந்துரைத்தது.

பட்டியா லாஃபர் என்ற ஆய்வாளர் இத்தகைய சொற்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ‘ஷார்ட்கமிங்ஸ்’ என்பதைக் குறுகிய வருகைகள் என்றும், ‘நெவர்தலெஸ்’ என்பதை ஒருபோதும் குறையாமல் என்றும் புரிந்துகொண்ட மாணவர்களை அவர் கண்டார். இதில் கவனிக்கவேண்டியது, அந்த மாணவர்கள் அகராதியைத் தேடவே மாட்டார்கள் என்பதுதான். தெரியாது என்பது தெரிந்தால்தானே தேடுவதற்கு? இங்கேயும் வேலையைக் கேட்கும் பழக்கம் ஓரளவு காப்பாற்றும். ‘நெவர்தலெஸ்’ வாக்கியத்தின் தொடக்கத்தில் காற்புள்ளியோடு தனித்து நிற்கிறது. முந்தைய வாக்கியத்தோடு முரண்படும் செய்தியைக் கொண்டுவருகிறது. அளவைச் சொல்லும் சொல் அப்படி நிற்பதில்லை.

அடுத்தது, பக்கத்தில் எத்தனை சொற்கள் தெரியாதவை என்ற கேள்வி. நம் ஊருக்கு மிக முக்கியமான கேள்வி இது. ஹூ, நேஷன் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கதையின் சொற்களில் குறிப்பிட்ட விழுக்காட்டைப் பொருளற்ற சொற்களாக மாற்றி மாணவர்களைப் படிக்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒரு சொல் தெரியாத பிரதியை ஒருவராலும் போதிய அளவு புரிந்துகொள்ள முடியவில்லை. உதவியின்றிப் படிக்க ஏறத்தாழ 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கணிப்பு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். ஆங்கில நாவல், நாளிதழ்களில் அந்த நிலையை எட்ட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார்.

கிராமத்துத் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவரிடம் முதல் வாரமே ஆங்கிலப் பாடநூலைக் கொடுத்து, சூழலை வைத்து ஊகித்துக்கொள் என்று சொல்வது நியாயமே அல்ல. அவருக்கு அந்தச் சூழலே தெரியாத சொற்களால் ஆனது. அவருக்குத் தேவை, ஐம்பதில் ஒன்று மட்டும் புதிதாக இருக்கும் எளிய நூல்கள், அதுவும் நிறைய. அவற்றில் பழகிய பிறகு ஊகிக்கச் சொல்லலாம். அதற்கு முன் அவரால் முடியாமல் போனால் குறை அவருடையது அல்ல.

ஊகித்துப் புரிந்துகொள்வது ஒன்று, சொல் மனத்தில் தங்குவது வேறொன்று. ஸ்வான்போர்ன், டி க்ளோப்பர் இருவரும் 1999-இல் 20 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, படிக்கும் போக்கில் எதிர்ப்படும் தெரியாத சொற்களில் ஏறத்தாழ 15 விழுக்காடுதான் மாணவர்களிடம் தங்குகிறது என்று கண்டார்கள். தாய்மொழியில் படித்தவர்களைப் பற்றிய கணக்கு இது. ஒரு சொல்லைப் பலமுறை, பல இடங்களில் சந்தித்தாக வேண்டும். வெர்னர், கப்லான் இருவரும் 1950-களின் தொடக்கத்தில் 12 கற்பனைச் சொற்களை, சொல்லுக்கு ஆறு வாக்கியம் வீதம், எட்டு முதல் பதின்மூன்று வயதுவரை உள்ள பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். சிறியவர்கள் செய்த பிழை குறிப்பிடத்தக்கது. முழு வாக்கியத்தின் பொருளையும் அந்த ஒரு சொல்லுக்குள் திணித்துவிட்டார்கள். பெரியவர்கள்தான் ஆறு வாக்கியத்துக்கும் பொதுவானதை மட்டும் பிரித்தெடுக்கக் கற்றிருந்தார்கள். இரண்டாம் மொழியில் நாம் எந்த வயதிலும் அந்தச் சிறியவர்களைப் போலத்தான் தொடங்குகிறோம்.

அகராதி இதற்குப் பிறகு வருகிறது. கட்டாயம் வர வேண்டும். 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சன் அகராதியிலேயே தலைச்சொல்லை அடுத்துப் பெயரா வினையா என்ற குறி உண்டு. நம்மில் பலர் பாய்ந்து கடந்துபோகும் அந்தக் குறிதான் பதிவின் கதவு. இதை உணர்ந்து அகராதி செய்தவர் ஏ. எஸ். ஹார்ன்பி. 1920-களிலிருந்து ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அவர், பொருள் தெரிந்த மாணவர்களும் அந்தச் சொல்லை வாக்கியத்தில் வைக்கத் தடுமாறுவதைப் பார்த்தார். 1942-இல் டோக்கியோவில் வெளிவந்த அவருடைய அகராதியில் வினைகள் 25 வாய்பாடுகளாக வகுக்கப்பட்டிருந்தன. எந்த வினையின் பின் எது வரும் என்பதை ஒவ்வொரு பதிவும் சொல்லும். அதையே 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் எடுத்து வெளியிட்டது. இன்று உலகெங்கும் மாணவர்கள் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியின் முதல் வடிவம் அதுவே. 1987-இல் ஜான் சின்க்ளேர் தலைமையில் வந்த கோபில்ட் அகராதி, விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. சொல்லின் வேலை விளக்கத்திலேயே தெரியும்.

அகராதியில் கண்ட பொருளை மூல வாக்கியத்தில் திரும்ப வைத்துப் பார்ப்பது கடைசி வேலை. பெயரிருந்த இடத்தில் பெயர், பெயரடையிருந்த இடத்தில் பெயரடை உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் பதிவின் அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். நோட்டில் எழுதும்போதும் தனிச்சொல்லை எழுதி எதிரே பொருளை எழுதும் நம் பழைய வழக்கத்தை விட்டுவிடலாம். ‘வான்ட்: வேண்டு’ என்று ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் மாணவர் புது வரியில் ‘ஃபார் வான்ட் ஆஃப்’ என்று மூன்று சொல்லையும் சேர்த்து எழுதி, பக்கத்தில் பெயர் என்று குறித்து, ‘இல்லாததால்’ என்று எழுதட்டும். கீழே இரண்டு வரி காலியாக விடட்டும். அடுத்த முறை அந்தச் சொல் வேறொரு வேலையில் எதிர்ப்படும்போது எழுத இடம் வேண்டும்.